ஏழு சொட்டு எங்கே?

"ஐயய்யோஓஓ...!"

வியாழக்கிழமை. காலை ஆறே முக்கால் மணி.

அந்த அலறலில் ஆம்பூர் பைபாஸை ஒட்டிய தெருவில் பால் பாக்கெட் எடுக்க வந்த நாலு பேர் அப்படியே நின்றார்கள். சமையலறையில் பில்கிஸ் கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வந்தாள்.

போர்டிகோவில் ஓர் உடல்!

மல்லாந்து கிடந்தது. இடுப்புக்கு மேலே காருக்கு அடியில். இடுப்புக்குக் கீழே லுங்கி. இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அசைவில்லை.

பில்கிஸ் பதறவில்லை. பதினோரு வருடமாகத் தினமும் காலையில் அவள் பார்க்கிற உடல்தான். அலறல் மட்டும்தான் புதுசு.

"இன்னா ஜி ஆச்சு?"

"போச்சு பில்கிஸ்... எல்லாம் போச்சு!"

"இன்னா போச்சு?"

"காணோம்!"

"இன்னான்னு சொல்லுங்களேன். அடுப்புல உப்புமா கிடக்குது."

"ஆயில்! ஒரு சொட்டு கூட காணோம்!"

உடல் சரக்கென்று வெளியே வந்து எழுந்து உட்கார்ந்தது.

ஜியாவுதீன். இந்த மார்ச்சில் ஐம்பது முடிந்தவர். பிறந்த நாள் அன்றைக்கும் காருக்கு ஸ்பார்க் ப்ளக் மாற்றிக்கொண்டிருந்தவர். தோல் ஃபேக்டரியில் சீனியர் அசார்ட்டர். அதாவது, மேஜை மேல் வந்து விழுகிற தோலை விரலால் ஒரு தடவு தடவி, இது ஏ, இது பி, இது ரிஜெக்ட் என்று தீர்ப்பு சொல்கிற வேலை. இருபத்தாறு வருடத்து விரல்! மூக்கு மட்டும் சுத்தமாக வேலை செய்யாது. ஃபேக்டரிக்குள் இருபத்தாறு வருடம் இருந்தால் உங்கள் மூக்கும் செய்யாது.

அந்தக் கார்?

ஜெர்மனியில் பிறந்தது. ஆறு சிலிண்டர். மிதித்தால் ஐந்து விநாடியில் நூறைத் தொடுகிற செடான். பெங்களூர் டாக்டர் ஒருவர் ஒன்றே முக்கால் லட்சம் கிலோமீட்டர் ஓட்டித் தேய்த்துக் கொடுத்ததை ஜியாவுதீன் வாங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. இதுவரை அதில் மாற்றாத உறுப்பு ஹாரன் ஒன்றுதான். டூட்டிக்கு டிவிஎஸ் ஃபிஃப்டி. காருக்கு ஞாயிறு மட்டும் சவாரி.

தினமும் சாயங்காலம் இன்ஜினுக்கு நேர் கீழே ஒரு ரிஜெக்ட் தோலை விரிப்பார். காலையில் படுத்து, விழுந்த சொட்டுகளை எண்ணுவார். நாலு சொட்டு என்றால் ஏ கிரேடு. ஏழு என்றால் பி. கடந்த ஒரு மாதமாக ஏழு. ஆயில் ஃபில்டர் ஹவுசிங்கில் கசிவைத் தடுக்கிற கேஸ்கெட் செத்துவிட்டது. ஏழு சொட்டு என்றால் ஜியாவுதீன் பாதி இட்லியோடு எழுந்து போய்விடுவார்.

இன்றைக்குத் தோல் பளிச்சென்று இருந்தது!

"நின்னுடுச்சா? அல்ஹம்துலில்லாஹ்! சந்தோஷப்படுங்க ஜி" என்றாள் பில்கிஸ்.

"சந்தோஷமா? ஜெர்மன் வண்டி தானா ஒழுகறத நிறுத்தாது பில்கிஸ். ரெண்டே காரணம்தான். ஒண்ணு, உள்ள ஆயிலே இல்ல. இல்லன்னா..."

ஓடிப் போய்க் காருக்குள் உட்கார்ந்தார். பட்டனை அழுத்தினார். திரையில் ஆயில் அளவு வந்தது.

ஃபுல்!

"அப்போ எவனோ கைய வெச்சிருக்கான்!" என்று கத்தினார் ஜியாவுதீன்.

பிறகுதான் மீட்டரைப் பார்த்தார்.

இரண்டாவது அலறல் முதல் அலறலை விடப் பெரிசு.

"பில்கிஸ்! நோட்டு! நோட்ட எடுத்துட்டு வா!"

நோட்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு: 2,99,918. இப்போது மீட்டரில்... 2,99,972!

ஐம்பத்து நாலு கிலோமீட்டரை எவனோ திருடியிருக்கிறான்!

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். வருகிற ஞாயிறு ஜியாவுதீன் வாழ்க்கையில் பெருநாள் மாதிரி. வீட்டிலிருந்து சரியாக எண்பத்திரண்டாவது கிலோமீட்டர் காவேரிப்பாக்கம் ஏரிக்கரை. அங்கே வாட்ஸப் குரூப் தோஸ்துகள் பதினாலு பேர் கேக்கோடு நிற்பார்கள். ஸ்டியரிங்கில் ஜியாவுதீன். மீட்டரில் மூன்று. அதன் பின்னால் ஐந்து சைபர்! தன் கையால், தன் கண் முன்னால் அது திரும்ப வேண்டும். மூன்று முறை ரூட் அளந்து வைத்திருந்தார். இதற்காகத்தான் மனிதர் பதினோரு வருடம் இன்ஜினுக்கு அடியில் குடும்பம் நடத்தினார்.

"இன்னும் இருபத்தெட்டுதான் பாக்கி!" குரல் உடைந்தது. "ஏரிக்கரை எங்க, இது எங்க? பள்ளிகொண்டா டோல்கேட் க்யூல திரும்பும் பில்கிஸ்... லாரி பின்னாடி!"

பில்கிஸ் உதட்டைக் கடித்தாள். அழுகை மாதிரி தெரிந்தது. வேறு ஏதோ மாதிரியும் தெரிந்தது.

ஜியாவுதீன் வேலூர் மெக்கானிக் செல்வகுமாருக்குப் போன் போட்டார்.

"செல்வா! என் வண்டியத் தொட்டியா?"

"பாய், காலைல இன்னா பேஜார் இது? நான் நேத்து முழுக்க திமிரி ஊர்ல, மச்சினி கல்யாணத்துல. இன்னும் மாலை கூட கழட்டல."

"மாலை உனக்கு எதுக்கு?"

"போட்டாங்க பாய். இன்னா விஷயம்?"

"லீக் நின்னுடுச்சு!"



"பாய்... வாய்ப்பே இல்ல. கேஸ்கெட் ஜெர்மனிலேர்ந்து வரணும். ஆறு வாரம் ஆகும்னு சொன்னேன். இன்னும் கப்பலே ஏறல. ஆயில் இருக்குதா?"

"ஃபுல்."

"எதுக்கும் நீங்க உக்காருங்க பாய்" என்றான் செல்வகுமார், குரலைத் தாழ்த்தி. "இது நம்ம கை மீறின விஷயம்."

ஜியாவுதீன் உட்காரவில்லை. பானட்டைத் திறந்தார். கையை உள்ளே விட்டார். ஹவுசிங் இரும்போடு சேருகிற இடத்தை விரல் நுனியால் தடவினார்.

விரல் நின்றது.

ரப்பர் இல்லை. பேப்பர் இல்லை. இருபத்தாறு வருடத்து விரல் ஒரே நொடியில் கண்டுபிடித்துவிட்டது.

"பில்கிஸ்... தோல்! எவனோ தோல்ல கேஸ்கெட் வெட்டிப் போட்டிருக்கான்! ஜெர்மன் இன்ஜினுக்குள்ள தோல்!"

"ஆம்பூர்ல வேற இன்னா ஜி கிடைக்கும்?" என்றாள் பில்கிஸ்.

வெளியே நீட்டிக்கொண்டிருந்த விளிம்பை பிளேடால் நகக்கண் அளவு நறுக்கித் தீப்பெட்டிக்குள் வைத்தார். சட்டையை மாட்டினார். பெரிய பச்சை ஃபைலைக் கக்கத்தில் இடுக்கினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"ஸ்டேஷனுக்கு!"

"போலீஸ் வரைக்கும் எதுக்கு? சொட்டு நின்னது நல்லதுதானே?"

"கேக்காம செஞ்சது எப்படி நல்லதாவும்? இன்னிக்கே புது பூட்டு. கேமரா. நாலு வீலுக்கும் சங்கிலி. இனி என் வண்டிய எவனும் தொட முடியாது!" டிவிஎஸ்ஸை மிதித்துக் கிளப்பினார். "நேத்துலேர்ந்தே எதுவும் சரியில்ல பில்கிஸ். சாயங்காலம் குடுத்த டீ கூட வழவழன்னு இருந்துச்சு."

பில்கிஸ் வாசலிலேயே நின்றாள். சங்கிலி என்ற வார்த்தை அவள் மனசில் போய் உட்கார்ந்தது. மெல்லத் திரும்பிக் காரைப் பார்த்தாள்.

ஸ்டேஷன்.

எஸ்.ஐ. பூர்ணிமா பேனாவைத் திறந்தாள். முப்பத்து நாலு வயது. எதிரே இருக்கிற ஆள் பொய் சொன்னால் இடது புருவம் தானாக ஏறும்.

"சொல்லுங்க பாய். கார் திருடு போச்சா?"

"இல்ல மேடம். வீட்லதான் நிக்குது."

"பார்ட்ஸ் ஏதாவது கழட்டிட்டாங்களா?"

"இல்ல. ஒண்ணு ஜாஸ்தியா இருக்கு."

"கண்ணாடிய உடைச்சிட்டாங்களா?"

"இல்ல மேடம். ரிப்பேர் பண்ணிட்டாங்க!"

பூர்ணிமா பேனாவை மூடினாள்.

"ரிப்பேர் பண்ணிட்டாங்க."

"ஆமா மேடம். பர்மிஷன் இல்லாம!"

மூலையில் உட்கார்ந்திருந்த ஜீப் டிரைவர் தனகோடிக்கு இருமல் வந்தது. அது இருமல்தானா என்பது வேறு விஷயம்.

"எந்த செக்‌ஷன்ல பாய் போடறது இத? என் ஜீப்பயும் அவன் வந்து தொட்டா நல்லா இருக்கும்."

"மேடம், ஐம்பத்து நாலு கிலோமீட்டர் திருட்டுப் போயிருக்கு! என் மூணு லட்சம் மேடம்!" ஜியாவுதீன் பச்சை ஃபைலைத் திறந்தார். ஆர்சி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ், பதினோரு வருட சர்வீஸ் பில்... ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள். "ஒரு பேப்பர் மிஸ் ஆகாது. தேதி கூட பென்சில்ல குறிச்சு வெச்சிருக்கேன். எது எப்ப முடியுதுன்னு எனக்கு அத்துப்படி!"

பூர்ணிமா ஃபைலைப் புரட்டினாள். மனசுக்குள் பாராட்டினாள். ஒரே ஒரு பேப்பர் அதில் இல்லை. அது அப்போது அவளுக்கும் உறைக்கவில்லை.

"சாவி எத்தன?"

"ரெண்டு மேடம். ஒண்ணு என் பாக்கெட்ல. ஒண்ணு யாருமே கண்டுபிடிக்க முடியாத இடத்துல."

"எங்க?"

ஜியாவுதீன் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அரிசி ட்ரம்முக்குள்ள மேடம். அடியில."

பூர்ணிமாவின் இடது புருவம் ஏறவில்லை. இரண்டு புருவமும் ஏறின.

"வீட்ல யாரு சமைக்கறது?"

"என் வைஃப். ஏன் மேடம்?"

"சும்மா கேட்டேன்." பூர்ணிமா தனகோடியைப் பார்த்தாள். தனகோடி கூரையைப் பார்த்தார். "ஐம்பத்து நாலுன்னா இங்கேர்ந்து பள்ளிகொண்டா போயிட்டு வர்ற தூரம். டோல் தாண்டினா உங்க போனுக்கு மெசேஜ் வந்திருக்கும். வந்துச்சா?"

"வரல."

"அப்போ டோலுக்கு முன்னாடியே திரும்பிட்டாங்க. மெசேஜ் உங்க போனுக்குத்தான் வரும்னு தெரிஞ்சவங்க. அரிசி எடுக்கத் தெரிஞ்சவங்க. யாரா இருக்கும் பாய்?"

ஜியாவுதீன் ஆழ்ந்து யோசித்தார்.

"அரிசிக் கடைக்காரன்!"

தனகோடிக்கு மறுபடி இருமல்.

"அந்தத் தீப்பெட்டியில இன்னா?"

"எவிடன்ஸ் மேடம்!"

நகக்கண் அளவு தோலை உள்ளங்கையில் வைத்து, கர்சீஃபால் ஆயிலைத் துடைத்தார். கண்ணை மூடினார். விரல் நுனியில் உருட்டினார். இப்போது அவர் ஜியாவுதீன் இல்லை. சீனியர் அசார்ட்டர்!

"கன்னுக்குட்டித் தோல். குரோம்ல பதனிட்டது. ஒண்ணே கால் எம்எம். முதுகுப் பக்கம். மயிர்க்கால் மணி மணியா... ஒரு உண்ணிக் கடி கிடையாது... ஒரு முள்ளுக் கீறல்..."

விரல் நின்றது. முகம் வெளுத்தது.

"இன்னா பாய்?"

"மேடம்... இந்தத் தோல் எனக்குத் தெரியும்!"

"தோலத் தெரியுமா?"

"பன்னண்டு வருஷம் முன்ன என் டேபிளுக்கு வந்துச்சு. இருபத்தாறு வருஷத்துல இப்படி ஒண்ணுதான் வந்துச்சு மேடம். ஏ கிரேடு போடக் கூட மனசு வரல. அத விட மேல எழுத்து இல்லியேன்னு நின்னேன். முதலாளிகிட்ட கெஞ்சிக் கேட்டு வாங்கி, ஒரு ஹேண்ட்பேக் தெச்சேன்."

"யாருக்கு?"

ஜியாவுதீன் வாயைத் திறந்தார்.

அப்போதுதான்...

வ்ர்ர்ரூம்ம்ம்...!

ஸ்டேஷனுக்கு வெளியே ரோட்டில் ஒரு சத்தம். கனமான, ஒழுங்கான, ஆறு சிலிண்டர் சத்தம்.

ஜியாவுதீன் துள்ளி எழுந்தார்.

"என் வண்டி!"

"பார்க்காமலேவா?"

"கேளுங்க மேடம்... ஆயில் இன்னும் சூடாகல. அதனால ரெண்டாயிரம் ஆர்பிஎம்முக்கு மேல ஏத்தல பாருங்க. இன்னா பொறுமை! இன்னா மரியாதை!" கண் கலங்கிவிட்டது. "நல்லா ஓட்டறான் மேடம் திருட்டுப் பய... ஐயோ, பிடிங்க!"

ஜீப் கிளம்பியது.

முன் சீட்டில் பூர்ணிமா. ஸ்டியரிங்கில் தனகோடி. பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜியாவுதீன். பைபாஸ் ஏறி வேலூர் பக்கம் திரும்பியபோது கறுப்புக் கார் தூரத்தில் ஒரு புள்ளியாக இருந்தது.

"மிதிங்க சார்!" என்றார் ஜியாவுதீன்.

"இதான் மிதிச்சது" என்றார் தனகோடி.

"லெஃப்ட் வீல் பேரிங் போயிடுச்சு சார் உங்களுக்கு. ஊளையிடுது."

"அது பேரிங்கா? நான் சைரன்னு நெனச்சேன்."

பூர்ணிமா திரும்பினாள்.

"பாய், வீட்டுக்கு ஒரு போன் போடுங்க. வைஃப் இருக்காங்களான்னு பாருங்க."

ஜியாவுதீன் போட்டார். ரிங் போயிற்று. கட் ஆயிற்று. மறுபடி போட்டார். மறுபடி கட்!



"மேடம்... கட் பண்றாங்க! பில்கிஸுக்குத் தெச்ச அந்த பேக் வீட்டுக்குள்ள பீரோவுல இருந்துச்சு. அப்படின்னா அவன் வீட்டுக்குள்ள பூந்திருக்கான்! பில்கிஸ் தனியா இருந்தா மேடம்! அவள... அவள கட்டிப் போட்டு... கார்லயே தூக்கிட்டுப் போறான்!"

"அப்படி இருக்காது பாய்..."

"கார் போனா போவுது மேடம்!" ஜியாவுதீன் கத்தினார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "மூணு லட்சமும் போவட்டும்! பில்கிஸுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது! அவ இல்லாம எனக்கு இன்னா இருக்கு?"

ஜீப்பில் பேரிங் சத்தம் மட்டும் கேட்டது. தனகோடி மூக்கை உறிஞ்சினார்.

"இத அந்தம்மாகிட்ட என்னிக்காவது சொல்லியிருக்கீங்களா?" என்றாள் பூர்ணிமா.

"இல்ல மேடம்... டைம் கிடைக்கல."

மாதனூர் தாண்டியது. பள்ளிகொண்டா டோலுக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் என்ற போர்டு வந்தது.

போர்டுக்குக் கீழே... ரோட்டோரமாக...

கறுப்புக் கார் நின்றுகொண்டிருந்தது! நாலு இண்டிகேட்டரும் பளிச் பளிச் என்று மின்னின.

டிரைவர் கதவு திறந்தது.

கறுப்பு புர்கா. கையில் நீல நிற மெக்கானிக் க்ளவுஸ். தோளில், மூடி இல்லாத ஒரு ஹேண்ட்பேக்.

"பில்கிஸ்!" ஜியாவுதீன் ஜீப் நிற்கும் முன்பே குதித்தார். விழுந்தார். எழுந்து ஓடினார். "உனக்கு ஒண்ணும் ஆகலியே? எங்க அவன்?"

"எவன்?"

"திருடன்!"

ஜியாவுதீன் காருக்குள் பார்த்தார். யாரும் இல்லை. முன் சீட்டில் வழக்கம்போல அவருடைய டூல் பாக்ஸ். பின் சீட் காலி. அவள் கையில் இருந்த அரிசித் தூசி படிந்த சாவியைப் பார்த்தார். தோளில் இருந்த பேக்கைப் பார்த்தார்.

அந்த இடத்தில்தான் சீனியர் அசார்ட்டருக்கு எல்லாம் புரிந்தது.

"நீயா?"

"நான்தான்."

"உனக்கு... ஓட்டத் தெரியுமா?"

"ரெண்டு மாசம் டிரைவிங் ஸ்கூல் போனேன். நீங்க டூட்டில இருக்கறப்போ. பதினோரு வருஷமா பின் சீட்லேர்ந்து உங்க காலையே பார்த்துட்டு வர்றேனே, அது போதாதா?"

"என்கிட்ட கேட்டிருக்கலாமே பில்கிஸ்!"

"கேட்டேன் ஜி. மூணு தடவ கேட்டேன். வண்டிக்குள்ள உக்காந்து கேட்டேன். மூணு தடவையும், 'ஷ்ஷ், ஆயில் இன்னும் சூடாகல, பேசாத'ன்னு சொல்லிட்டீங்க."

பூர்ணிமா ஜியாவுதீனைப் பார்த்த பார்வையில் ஒரு செக்‌ஷன் இருந்தது.

"கேஸ்கெட்?" என்றார் அவர் ஈனஸ்வரத்தில்.

"பின்ன இன்னா பண்றது? ஆறு வாரம்னு செல்வா சொல்லிட்டான். தினம் ஏழு சொட்ட எண்ணிட்டு பாதி இட்லில எழுந்து போறீங்க. உங்க மூஞ்சியப் பார்க்க எனக்கு சகிக்கல. உங்களுக்காகத்தான் பேக்கோட மூடிய வெட்டினேன்."

"எப்படி... கழட்டினே?"

"அந்த வெள்ளைக்காரன் வீடியோவ சோறு சாப்பிடறப்போ நாப்பது தடவ போட்டீங்க. எந்த போல்ட்ட முதல்ல கழட்டறான்னு எனக்கு மனப்பாடம். பதினோரு வருஷமா சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாடி நீங்க வேற இன்னா பேசினீங்க?"

"தோல் சூடு தாங்குமான்னு..."

"ஃபேக்டரில நீங்க பண்ற மாதிரியே கொதிக்கற தண்ணில போட்டுப் பார்த்தேன். சுருங்கல."

"எந்தப் பாத்திரத்துல?"

பில்கிஸ் ரோட்டைப் பார்த்தாள்.

"டீ பாத்திரத்துல."

தனகோடி ஜீப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்குவது தெரிந்தது.

"ரோட்லயும் தாங்குதான்னு பார்க்கணுமில்ல? அதுக்குத்தான் நேத்து பள்ளிகொண்டா வரைக்கும் வந்தேன்" என்றாள் பில்கிஸ். "வண்டி எண்பதத் தொட்டப்போ... ஜி, எனக்கு அழுகையே வந்துடுச்சு. இவ்ளோ நாளா இவரு ஏன் இதுக்கு அடியிலயே படுத்துக் கிடக்கறாருன்னு அப்பதான் புரிஞ்சுது. உங்க ஞாயித்துக்கிழம கெட்டுப் போச்சு. அது என் தப்புதான். இன்னிக்கு சங்கிலி போடறேன்னீங்க. கடைசியா ஒரு தடவன்னு எடுத்துட்டேன். ஓட்டறப்போ போன் எடுக்கக் கூடாதுன்னுதான் உங்க போனயும் கட் பண்ணேன்."

"அப்புறம் ஏன் நிறுத்தினே?"

"உள்ள பாருங்க."

ஜியாவுதீன் குனிந்து மீட்டரைப் பார்த்தார்.

2,99,999.

"டோல் வரைக்கும் போயிடலாம்னு கால் அரிச்சுது" என்றாள் பில்கிஸ். "முடியல. அது உங்களோடது ஜி. நீங்களே ஓட்டுங்க."

ஜியாவுதீன் தொண்டையைச் செருமினார். இரண்டு முறை செருமினார்.

"பில்கிஸ்... போல்ட் முடுக்கற டார்க் ரெஞ்ச்ச ஜீரோவுக்குத் திருப்பி வெச்சியா?"

"வெச்சேன்."

அவ்வளவுதான். மனிதர் ரோட்டோரத்தில் நின்று குழந்தை மாதிரி அழுதார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் வர்ற வழியில, கார் போனா போவுது, நீங்க மட்டும் போதும்னு சொன்னாரு" என்றாள் பூர்ணிமா.

"இவரா?" பில்கிஸ் வாயைப் பிளந்தாள். "இவரு... இந்தக் கார?"

"நானே சாட்சி" என்றார் ஜீப்புக்குப் பின்னாலிருந்து தனகோடி.

ஜியாவுதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்ப்ளைன்ட்டை வாபஸ் வாங்கினார். டிரைவர் சீட்டில் ஏறப் போனார். சீட்டைப் பின்னுக்குத் தள்ளினார். ஒரு கால் உள்ளே. பதினோரு வருடக் கனவுக்கு இன்னும் ஒரே ஒரு கிலோமீட்டர்!

"ஒரு நிமிஷம் பாய்" என்றாள் பூர்ணிமா. "ஊர் முழுக்க சைரன் போட்டு வந்திருக்கேன். ஏதாவது ஒண்ணு செக் பண்ணணும். ரெண்டு பேரும் லைசென்ஸ் எடுங்க."

பில்கிஸ் மூடியில்லாத பேக்கிலிருந்து எடுத்தாள். புதுசு. பளபளவென்று.

ஜியாவுதீன் கம்பீரமாகப் பர்ஸைத் திறந்து நீட்டினார்.

பூர்ணிமா பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

இடது புருவம் ஏறியது.

"பாய்... இப்போ ஆகஸ்ட்."

"ஆமா மேடம்."

"உங்களுக்கு ஐம்பது முடிஞ்சது மார்ச்ல. அன்னிக்கே லைசென்ஸும் முடிஞ்சிடுச்சு."

"இன்னாது?"

"ரின்யூ பண்ணல. காருக்கு எல்லாப் பேப்பரும் பிளாஸ்டிக் கவர்ல இருக்கு. எது எப்ப முடியுதுன்னு அத்துப்படி. உங்க பேப்பர் மட்டும் செத்து அஞ்சு மாசமாச்சு! காலைல ஸ்டேஷனுக்கு டிவிஎஸ்ல வந்தீங்க இல்ல? அத நான் பார்க்கல. ஆனா இத நான் பார்த்துட்டேன்."

"மேடம்... ஒரே ஒரு கிலோமீட்டர்!"

"ஒரு மீட்டர் கூட முடியாது."

"அப்போ... யாரு ஓட்டறது?"

மூன்று பேரும் ஒரே ஆளைப் பார்த்தார்கள்.

பில்கிஸ் டிரைவர் சீட்டில் ஏறினாள். அவர் முன் கதவைத் திறக்கப் போனார்.

"அங்க டூல் பாக்ஸ் இருக்கு ஜி" என்றாள். "பின்னாடி உக்காருங்க."

பதினோரு வருடத்தில் முதல் முறையாக ஜியாவுதீன் தன் காரின் பின் சீட்டில் உட்கார்ந்தார். முட்டி இடித்தது. இங்கே இவ்வளவு இடம் கம்மி என்று அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

பில்கிஸ் கதவில், தன் சீட் அளவைப் பதிந்து வைத்திருந்த இரண்டாம் நம்பர் பட்டனை அழுத்தினாள். சீட் விர்ரென்று முன்னால் நகர்ந்து அவள் உயரத்துக்குப் பொருந்தி நின்றது. அந்தப் பட்டனை ஜியாவுதீன் இதுவரை தொட்டதே இல்லை.

கார் புறப்பட்டது. பின்னால் போலீஸ் ஜீப், பேரிங் ஊளையோடு.

டோல்கேட் க்யூ. முன்னால் கோழி ஏற்றிய ஒரு லாரி. கார் ஒரு அடி நகர்ந்தது. இன்னொரு அடி.

ஒன்பதுகள் ஐந்தும் ஒரே நேரத்தில் மறைந்தன.

3,00,000!

அதே நொடியில் ஜியாவுதீன் பாக்கெட்டில் டோல் மெசேஜ் கிணிங் என்றது. ஜீப்பில் தனகோடி ஹாரன் அடித்தார். கோழிகள் கத்தின. ஜியாவுதீன் மீட்டரைப் பார்க்கவில்லை. முன்னால் கண்ணாடியில் தெரிந்த பில்கிஸின் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு வருடமாகச் சொல்லாமல் விட்டதெல்லாம் தொண்டைக்கு வந்து நின்றது.

"பில்கிஸ்..." என்றார் தழுதழுத்த குரலில். "நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

ஆயில் சூடு காட்டும் முள் தொண்ணூறு டிகிரியைத் தாண்டி நின்றது; சூடேறி வெகு நேரமாகியிருந்தது. அவரும் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"ஷ்ஷ்!" என்றாள் பில்கிஸ். "ஆயில் இன்னும் சூடாகல ஜி. பேசாம வாங்க!"